டீசல் கண்ட பொறி

மலைச்சாலையின் ஏற்றத்தில் பெருஞ்சுமை தாங்கிய லாரி ஒன்று, தன் பின்னே இணைத்த டிரெய்லர் வண்டியையும் இழுத்துக்கொண்டு மெல்ல மெல்ல மேலேறுகிறது. அதன் நடையில் விரைவு இல்லை. ஆயினும் தளர்ச்சியும் இல்லை. கடலில் மலைபோன்ற கப்பல்கள் பல்லாயிரம் டன் சரக்கினைச் சுமந்து செல்கின்றன. வயலில் பொறிகள் கிணற்று நீரை இறைத்துப் பயிரைக் காக்கின்றன. இவற்றுள் பலவற்றை இயக்குவது டீசல் எஞ்சினே ஆகும். டீசல் என்னும் சொல்லை இன்று அறியாதார் இலர். எனினும், அஃது ஓர் எண்ணெயின் பெயர் என்று எண்ணுவாரே பலர். உழைத்து, உயர்ந்து, இன்னலுற்று மறைந்த ஒரு மனிதரின் பெயர் என்பதை அறிந்தார் சிலரே. அம்மனிதர் ரூடால்ப் டீசல் என்பவர்.

பிறப்பும் இளமையும்

ரூடால்ப் டீசல் 1858 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 18 ஆம் நாள் பிரான்சு நாட்டின் தலைநகராகிய பாரிஸ் மாநகரில் பிறந்தார். இவர்தம் பெற்றோர் ஜெர்மனியின் பவேரியப் பகுதியினின்றும் வந்து அங்குக் குடியேறியவர்கள். தந்தையார் தோலால் பலவகைப் பொருள்கள் செய்து விற்றுப் பிழைத்து வந்தார். வருவாய் சிறிது, உழைப்போ பெரிது. சிறுவர் ரூடால்பும் பள்ளி நேரம் போக எஞ்சிய பொழுதில், தந்தையார் செய்த பொருள்களைத் தள்ளுவண்டியில் ஏற்றித் தெருத்தெருவாய்ச் சென்று கொடுத்து வருவார். சுமையை இழுப்பதன் வருத்தம் இன்னதென்பதை அவர் இளமையிலேயே தம் கைகளால் உணர்ந்தார்.

அந்நகரில் கலைத்தொழிற் பொருட்காட்சிச் சாலை ஒன்று உண்டு. அங்குப் பழைய பொறிகள் பல வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. பீரங்கிகளை இழுப்பதற்கென்று 1770 ஆம் ஆண்டளவில் கூஞோ என்பார் செய்த நீராவி வண்டியும் அவற்றுள் ஒன்று. ரூடால்ப் ஓய்வு வாய்த்த போதெல்லாம் அவ்விடம் சென்று, பொறிகளைக் கூர்ந்து நோக்கி, அவற்றின் உருவங்களை வரைந்து பழகினார். படிப்பிலும் அவர் சிறந்து விளங்கினார்; பன்னிரண்டாம் வயதில் வெண்கலப் பதக்கம் ஒன்றும் பெற்றார்.

மகிழ்ச்சி நெடுநாள் நிலைக்கவில்லை. 1870 ஆம் ஆண்டில் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. ஜெர்மானியர் பாரிஸில் வாழ்தல் அரிதாயிற்று. டீசல் குடும்பத்தார் உடைமைகளைத் துறந்து இலண்டன் மாநகர் புகுந்தனர். அங்கும் வறுமை அவர்களை விடவில்லை. ஆகவே பெற்றோர் தம் மைந்தரை ஜெர்மனியிலுள்ள ஆக்ஸ்பர்க்கு நகரத்திற்கு அனுப்பினர். அங்கு அவருடைய உறவினர் ஒருவர் கணித ஆசிரியராக இருந்தார். பன்னிரண்டு வயதுச் சிறுவர் பெற்றோரைப் பிரிந்து தனியே நெடுவழி சென்று அவர் இல்லத்தை அடைந்தார்.

கல்வி

ஆக்ஸ்பர்க்கில் தொழிற்பள்ளியில் சேர்ந்த ரூடால்ப், பொறியியல் வல்லுநர் ஆவதே தம் வாழ்வின் குறிக்கோள் எனப் பதினான்காம் வயதில் பெற்றோர்க்குக் கடிதம் எழுதினார். 1873 ஆம் ஆண்டில் வகுப்பில் முதல்வராகத் தேறினார். பின்னர் உதவித்தொகை பெற்று மியூனிக் நகரத்துத் தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்றார். குளிர்பதனப் பொறிகளை ஆக்கிப் புகழ்பெற்ற கார்ல் லிண்டே என்னும் பேராசிரியர் அங்கு அவருக்கு ஆசானாக வாய்த்தார். 1879 இல் தேர்வு எழுதவேண்டிய வேளையில் ரூடால்ப் குடற்காய்ச்சலால் துன்புற்றார். அதனால் சோர்ந்துவிடாமல், இடைப்பட்ட காலத்தில் சுவிட்சர்லாந்து நாட்டுத் தொழிற்சாலை ஒன்றில் கைத்தொழில் அனுபவம் பெற்று, 1880 சனவரியில் மிகச் சிறந்த முறையில் தேறினார்.

கல்லூரியில் கேட்ட ஒரு செய்தி அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. அக்காலத்தில் ஆலைகளையும் இரயில்களையும் இயக்கியது நீராவி எஞ்சின். அதில் எரிக்கப்பட்ட நிலக்கரியின் வெப்பத்துள் நூற்றுக்குப் பத்துப் பங்கோ அதனினும் குறைவோதான் வேலையாக மாறியது. எஞ்சிய தொண்ணூறு பங்கும் புகையோடும் ஆவியோடும் வீணே போயிற்று. பத்து மூட்டை நெல்லைக் களத்திலிருந்து கொண்டுவருவான் ஒருவன், வழியில் ஒன்பது மூட்டையைச் சிந்திவிட்டு ஒரு மூட்டையோடு வீடு சேர்ந்தால் அவனை உலகம் என்னென்று கூறும்? எஞ்சின் வகையில் அத்தகைய இழப்பை உலகம் இயல்பென்று ஏற்றுக்கொண்டிருந்தது. டீசல் ஏற்றுக்கொள்ளவில்லை. பிரெஞ்சு அறிஞர் சாடி கார்னோ என்பார் வெப்பத்தைக் குறித்து வகுத்த கொள்கையை அடியொற்றி, வெப்பத்தை வீணாக்காத பொறி ஒன்றை அமைக்கவேண்டும் என்று உறுதி பூண்டார்.

எண்ணம் உருப்பெறல்

கல்வி முடிந்ததும் டீசல் பாரிஸ் சென்று, தம் ஆசான் லிண்டேயின் பனிக்கட்டித் தொழிற்சாலையில் பணியேற்றார். 1883 ஆம் ஆண்டில் மார்த்தா என்னும் நங்கையை மணந்தார். அவர்களுக்கு மக்கள் மூவர். பகலெல்லாம் பணி, இரவெல்லாம் ஆராய்ச்சி. முதலில் அம்மோனியா ஆவியால் இயங்கும் எஞ்சின் ஒன்றை அமைக்க முயன்றார். பல ஆண்டுகள் பாடுபட்டும் அது பயன் தரவில்லை. ஆயினும் அம்முயற்சியினூடே வேறொரு வழி அவர்க்குப் புலனாயிற்று.

மிதிவண்டியின் சக்கரத்திற்குக் காற்றடிக்கும் குழாய், சிறிது நேரத்தில் கை பொறாத அளவு சுடுவதை மாணவர் அறிவர். காற்றை அழுத்தினால் அது சூடேறும்; மிக அழுத்தினால் மிகச் சூடேறும். உருளை ஒன்றினுள் பிஸ்டனால் காற்றை மட்டும் மிகுதியாக அழுத்தி, அது தீப்போல் சூடேறிய நிலையில் சிறிதளவு எண்ணெயை உள்ளே செலுத்தினால், அவ்வெண்ணெய் தானே தீப்பற்றும்; தீப்பொறி எழுப்பும் கருவி வேண்டா. எரிந்து விரியும் வளி பிஸ்டனைத் தள்ள, எஞ்சின் சுழலும். இதுவே டீசல் கண்ட நுட்பம். அழுத்தம் மிகுந்தோறும் வெப்பம் வேலையாக மாறும் அளவும் மிகும் என்பது இதன் சிறப்பு.

1892 ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் வாழ்ந்தபொழுது இதற்கு உரிமைப் பதிவு வேண்டி விண்ணப்பித்தார். அடுத்த ஆண்டு பிப்பிரவரித் திங்களில் அது கிடைத்தது. தம் கொள்கையை விளக்கி நூல் ஒன்றும் வெளியிட்டார். அத்துணை அழுத்தத்தை எந்த உருளை தாங்கும் என்று ஐயுற்றார் பலர். ஆக்ஸ்பர்க்கு எந்திரத் தொழிற்சாலையின் தலைவர் ஹைன்ரிக் பூட்ஸ் என்பாரும், இரும்புத் தொழிலில் பேர்பெற்ற குருப்பு நிறுவனத்தாரும் அவரை நம்பி, ஆய்வுக்கு வேண்டிய இடமும் பொருளும் உதவினர். பிள்ளைப் பருவத்தில் தமக்கு அடைக்கலம் அளித்த நகரத்திற்கே டீசல் ஆராய்ச்சியாளராகத் திரும்பினார்.

நான்கு ஆண்டு முயற்சி

1893 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 10 ஆம் நாள் முதல் சோதனை நடைபெற்றது. எரிபொருள் உட்சென்றதும் உருளையினுள் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ எண்பது மடங்கு அழுத்தம் எழுந்தது. அழுத்தத்தை அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. அருகில் நின்றவர் உயிர் தப்பினர். டீசல் மனங்கலங்கவில்லை. அழுத்தப்பட்ட காற்றில் எரிபொருள் தானே தீப்பற்றும் என்னும் தம் கொள்கை மெய்யாயிற்று என்றே அவர் கொண்டார்.

1894 ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்கள் 17 ஆம் நாள் எஞ்சின் ஒரு நிமிட நேரம் தானே ஓடியது. அதுவரை ஆலையிலிருந்த வேறொரு பொறியே வார்ப்பட்டையின் மூலம் அதனைச் சுழற்றி வந்தது. அன்று அவ்வார்ப்பட்டையை இழுப்பது புதிய எஞ்சினே என்பதை முதலில் கண்டறிந்த தொழிலாளர், ஒன்றும் பேசாமல் தம் தலையணியைக் கழற்றி வணக்கம் செலுத்தினார் என்பர்.

ஒரு நிமிடம் ஓடிய எஞ்சினை உழைக்கும் எஞ்சின் ஆக்குதற்கு மேலும் மூன்று ஆண்டுகள் வேண்டியிருந்தன. இக்காலத்தில் டீசல் கற்ற பாடம் பெரிது. எரியும்பொழுது வெப்பநிலை உயராதவாறு மிகமிகச் சிறிதளவே எரிபொருள் இடவேண்டும் என்பது அவர் முதலில் வகுத்த கொள்கை. அவ்வாறு செய்தால், எஞ்சின் தன் உறுப்புகளின் உராய்வை வெல்லவே ஆற்றல் முழுதும் செலவாகிவிடும் என்பது பின்னர்க் கணக்கால் புலப்பட்டது. எரிபொருளை மிகுத்து முறையின்றிச் செலுத்தினாலோ, அது முற்றும் எரியாமல் கரும்புகையாய் வெளிவந்தது; உறுப்புகளில் கரி படிந்தது. குறைந்தால் வலிமையில்லை, மிகுந்தால் புகையும் கேடும். ஆகவே எத்துணை எண்ணெய், எந்த நொடியில், எவ்வளவு நுண்ணிய துளிகளாய்ச் செல்லவேண்டும் என்பதே கேள்வியாயிற்று. டீசல் தம் பழைய கொள்கையைப் பற்றிக்கொண்டு பிடிவாதம் செய்யவில்லை. சோதனை காட்டிய வழியே தம் கணக்கைத் திருத்தினார். அழுத்திய காற்றின் துணையால் எண்ணெயைத் தூவும் முறையைச் செப்பம் செய்தார்.

1897 ஆம் ஆண்டு, அதே பிப்பிரவரித் திங்கள் 17 ஆம் நாள், மியூனிக் பேராசிரியர் மோரிட்ஸ் ஷுரோட்டர் என்பார் எஞ்சினை முறைப்படி சோதித்தார். 25 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரே உருளையை உடைய அவ்வெஞ்சின், நிமிடத்திற்கு 154 முறை சுழன்று ஏறக்குறைய 18 குதிரைத்திறன் ஆற்றலை அளித்தது. வெப்பத்தில் நூற்றுக்கு 26 பங்குக்கு மேல் வேலையாக மாறியது. நீராவி எஞ்சின் அளித்ததைப் போல் இஃது இரண்டரை மடங்கிற்கு மேலாகும். அந்த எஞ்சின் மியூனிக் நகரத்து ஜெர்மன் பொருட்காட்சிச் சாலையில் போற்றி வைக்கப்பட்டுள்ளது.

புகழும் துயரும்

டீசலின் புகழ் எங்கும் பரவியது. பல நாட்டுத் தொழிலதிபர்கள் உரிமை பெற விரைந்தனர். அமெரிக்க உரிமையை மட்டும் அடால்பஸ் புஷ் என்பார் பத்து இலட்சம் மார்க்கு கொடுத்து வாங்கினார். வாடகை வீட்டில் வாழ்ந்தவர் மியூனிக்கில் மாளிகை எழுப்பினார். 1900 ஆம் ஆண்டு பாரிஸ் உலகப் பொருட்காட்சியில் அவருடைய எஞ்சின் பெரும்பரிசு பெற்றது. அங்கு டீசல் எஞ்சின் ஒன்று நிலக்கடலை எண்ணெயிலும் ஓடிக் காண்போரை வியப்பித்தது. தள்ளுவண்டி தள்ளித் திரிந்த நகரமே அவரைப் பாராட்டி மகிழ்ந்தது.

ஆயினும் புகழின் நிழலில் துயரும் வளர்ந்தது. புதிய எஞ்சின்களைப் போதிய தேர்ச்சியின்றிச் செய்தவர் சிலர். அவை அடிக்கடி பழுதுற்றன. பழி டீசலைச் சார்ந்தது. உரிமை பற்றிய வழக்குகள் தொடர்ந்தன. ஓய்வறியா உழைப்பால் உடல் நலிந்து, 1898 இல் மருத்துவ விடுதியில் தங்கும் நிலை நேர்ந்தது. எண்ணெய் வயல்களிலும் நிலங்களிலும் அவர் முதலீடு செய்த பெரும்பொருள் இழப்பாயிற்று. உருளையினுள் செல்லும் எண்ணெயின் அளவைத் துளிதுளியாய் அளந்து கண்டவர், தம் உடல் தாங்கும் உழைப்பின் அளவையும் தம் செல்வம் தாங்கும் செலவின் அளவையும் காணாது விட்டார்.

இந்நிலையிலும் அவர் கண்ட பொறி வளர்ந்துகொண்டே இருந்தது. 1912 ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டில் கட்டப்பெற்ற செலாந்தியா என்னும் பெருங்கப்பல், டீசல் எஞ்சின்களால் இயங்கிக் கோபன்ஹேகனிலிருந்து பாங்காக்குக்குப் பயணம் செய்தது. நிலக்கரி அள்ளிப்போடுவார் இல்லை, புகைபோக்கியும் இல்லை. துறைமுகந்தோறும் மக்கள் அதனை வியந்து நோக்கினர்.

1913 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 29 ஆம் நாள் மாலை, டீசல் பெல்ஜிய நாட்டு ஆண்ட்வெர்ப் துறையில் டிரெஸ்டன் என்னும் கப்பலேறி இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். நண்பர் இருவரோடு உணவருந்தி உரையாடினார். காலை ஆறேகால் மணிக்குத் தம்மை எழுப்புமாறு சொல்லிவிட்டு அறைக்குச் சென்றார். விடிந்தபோது அவர் அறையில் இல்லை. படுக்கையில் படுத்த குறியும் இல்லை. கப்பல் தளத்தின் கைப்பிடி வேலியருகே அவருடைய தொப்பியும் மேலங்கியும் காணப்பட்டன. சில நாள் கழித்துக் கடலில் மிதந்த உடல் ஒன்றைப் படகினர் கண்டனர். அதனிடமிருந்து எடுத்த பொருள்களைத் தம் தந்தையாருடையவை என்று அவர் மகன் அடையாளம் கண்டார். அவ்விரவில் நிகழ்ந்தது இன்னதென எவரும் ஐயமறக் காட்டியதில்லை. ஐம்பத்தைந்து ஆண்டுகளே வாழ்ந்த அப்பேரறிஞர் இவ்வாறு மறைந்தார்.

லாரியில் ஏறிய எஞ்சின்

டீசல் வாழ்ந்த காலத்து எஞ்சின்கள் வீடளவு பெரியவை. லாரியில் பொருத்த இயலாதவை. எண்ணெயைத் தூவுதற்கு வேண்டிய காற்றழுத்தக் கருவியே பெருஞ்சுமையாய் இருந்தது. காற்றின் துணையின்றி எண்ணெயையே மிகுந்த அழுத்தத்தில் செலுத்தும் முறையைப் பின்வந்த அறிஞர் பலர் வளர்த்தனர். 1923, 1924 ஆம் ஆண்டுகளில் ஜெர்மனியில் டீசல் லாரிகள் தோன்றின. 1927 ஆம் ஆண்டில் இராபர்ட் பாஷ் நிறுவனத்தார் எண்ணெயை நுட்பமாய் அளந்து செலுத்தும் பம்புகளைப் பெருவாரியாகச் செய்யத் தொடங்கினர். வெளியேறும் புகையின் விசையைக்கொண்டே மிகுதியான காற்றை உருளையினுள் செலுத்தும் டர்போ என்னும் கருவியைச் சுவிட்சர்லாந்து நாட்டு ஆல்பிரட் பூகி என்பார் கண்டார். இவற்றால் டீசல் எஞ்சின் சிறுத்தது. அதன் வலிமையோ பெருத்தது.

இங்ஙனம் வலிமை பெருகியதும், ஆக்ஸ்பர்க்கில் எழுந்த பழைய கேள்வி மீண்டும் எழுந்தது. பளு இழுக்கும் லாரியின் எஞ்சினுக்கு எவ்வளவு எண்ணெய் ஊட்டுவது? யாழ் நரம்பை மிகத் தளர்த்தினால் இசை பிறவாது; மிக முறுக்கினால் நரம்பே அறும். எஞ்சினைச் சுருதி கூட்டுவதும் அத்தகையதே. முற்காலத்தில் பம்பின் திருகாணியைத் திருப்பி இதனைச் செய்தனர். இக்காலத்தில் எஞ்சினோடு இணைந்த கணிப்பொறியில் உள்ள அளவுப் பட்டியலை மாற்றிச் செய்கின்றனர். கருவி மாறினும் அறம் மாறவில்லை.

எண்ணெயை மிகுத்தால் வண்டி துள்ளி ஓடும்; சிறிது தொலைவு வெறுவண்டியை ஓட்டிக் காட்டுவார்க்கு அது மகிழ்ச்சி தரலாம். பளுவோடு மலையேறும் வண்டியோ, நெடுநேரம் இடையறாது முழுவலிமையும் காட்டவேண்டுவது. காற்றுக்கு மிஞ்சிய எண்ணெய் கரும்புகையாகும். வெளியேறும் வளி அளவுகடந்து சூடேறும். பிஸ்டனும் டர்போவும் அவ்வெம்மையால் அழியும். எண்ணெய் உட்செல்லும் நேரத்தை மிக முற்படுத்தினால் உருளையின் அழுத்தம் எல்லை கடக்கும். மிகப் பிற்படுத்தினால் வெப்பம் வேலை செய்யாமலே வெளியேறும். ஆகவே பளு இழுப்பார் தேரவேண்டியது மிகுதியான குதிரைத்திறனை அன்று. குறைந்த சுழற்சியிலேயே நிலையான இழுவிசையைத் தந்து, வெம்மையை எல்லைக்குள் நிறுத்தும் நடுத்தரமான அமைப்பையே ஆகும். எஞ்சின் ஈன்ற விசையைக் கியர்ப்பெட்டியும் அச்சும் தாங்குமா என்பதையும், இறக்கத்தில் பிரேக்கு அப்பளுவை நிறுத்துமா என்பதையும் அவர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

புகையின் அளவும் எண்ணத்தக்கது. டீசல் புகை மக்களுக்குப் புற்றுநோய் விளைக்க வல்லது என 2012 ஆம் ஆண்டில் உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் அறிவித்தது. ஆதலின் புகையைத் தூய்மை செய்யும் கருவிகளை நீக்கி வலிமை தேடுவது, தன் வண்டிக்கு விசை கூட்டிப் பிறர் உயிர்ப்புக்குக் கேடு சூழ்வதாகும்.

முடிவுரை

வெப்பத்தை வீணாக்கலாகாது என்னும் ஓர் எண்ணத்தை மாணவப் பருவத்தில் பற்றிய டீசல், அதனை இறுதிவரை விடவில்லை. வெடிப்பு அவரை அச்சுறுத்தவில்லை. தோல்வி அவரைத் தளர்த்தவில்லை. தாம் கொண்ட கொள்கையில் பிழை கண்டபோது அதனைத் திருத்திக்கொள்ளவும் அவர் நாணவில்லை. இவை அவர் வாழ்க்கை காட்டும் நெறிகள். தம் உடல்நலத்தையும் பொருள்நிலையையும் காவாது விட்டமையால் அவர் எய்திய துன்பமும் நாம் அறிந்துகொள்ளத்தக்க ஒன்றே.

வலிமை என்பது மிகுதியில் இல்லை, அளவில் இருக்கிறது. பளு தாங்கி மலையேறும் ஒவ்வொரு லாரியும் இவ்வுண்மையைச் சாற்றிச் செல்கின்றது. பொறியின் அளவை அறிந்து இயக்குவோர் பெருஞ்சுமையையும் ஊர் சேர்ப்பர். தம் அளவை அறிந்து உழைப்போர் எடுத்த செயலை இனிது முடிப்பர்.